பவர் பிரஸ்ஸில் விரல் போன தம்பிக்கு நஷ்டஈடு: வக்கீல் 30 சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கோவைக்காரி | 09.02.2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. என் தம்பிக்கு 30 வயது. கணபதி பக்கம் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பீஸ் செய்து தருவது) பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருந்தான். போன ஆகஸ்டில் பீஸை எடுக்கக் கை விட்டபோது பிரஸ் இன்னொரு முறை இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன.

முதலாளிதான் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து பில் கட்டினார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார். தீபாவளி முடிந்ததும் கூப்பிட்டு 40,000 ரூபாய் கையில் கொடுத்து, "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இவனும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

சம்பளம் வாராவாரம் சனிக்கிழமை, மாதத்துக்கு 18,000 வரும். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். எதுவும் பிடித்ததில்லை.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்தார். முன்பணம் வேண்டாம், கேஸ் போட்டால் நான்கைந்து லட்சம் வரும், வந்ததில் 30 சதவீதம் எனக்கு, செலவு தனி என்கிறார். வக்காலத்தோடு (அவர் நமக்காக ஆஜராகக் கொடுக்கும் கையெழுத்துத் தாள்) எழுதாத பத்திரம் இரண்டு, கையெழுத்துப் போட்ட செக் இரண்டு, பாஸ்புக் எல்லாம் கேட்கிறார். 30 சதவீதம் வழக்கமா? பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கேஸ் நிற்குமா? இவர் வேண்டாம் என்றால் நல்ல வக்கீலை எப்படித் தேடுவது?

---

காங்கேயம்_காளை | 09.02.2025, இரவு 10:15

வழக்கம்தானுங்க. எங்க மாமாவுக்கு லாரி ஆக்சிடென்ட் கேஸில் 25 கொடுத்தோம். முன்பணம் கேட்காத வக்கீல் கிடைப்பதே பெரிய விஷயம். அவர் இல்லையென்றால் எங்களுக்குச் சல்லிக்காசு வந்திருக்காது. பேரம் பேசி 20-க்கு இறக்கிவிட்டுக் கேஸைப் போடுங்கள். கையெழுத்துப் போட்ட செக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

---

கறுப்புக்கோட்டு | 10.02.2025, காலை 7:05

நான் கோவையில் தொழிலாளர் வழக்கு பார்க்கிற வக்கீல். யாரையும் பிடித்து இழுக்க வரவில்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

வழக்கில் வரும் பணத்தில் பங்கு என்று வக்கீல் பேசவே கூடாது. இந்திய பார் கவுன்சில் விதியிலேயே தடை இருக்கிறது. 2017 டிசம்பரில் தெலங்கானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வாகன விபத்தில் கணவரை இழந்த பெண்ணிடம் நஷ்டஈட்டுத் தொகைக்கு இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு வக்கீல் செக் வாங்கியிருந்தார். செக் திரும்பியதும் அந்தப் பெண் மேலேயே செக் மோசடி வழக்குப் போட்டார். சதவீத பீஸே செல்லாது, அதை வைத்துப் போட்ட செக் வழக்கும் நிற்காது என்று ரத்து செய்துவிட்டார்கள். அப்படி ஒரு தீர்ப்பு வாங்க அந்தப் பெண் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. அதனால் செக்கும் எழுதாத பத்திரமும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வக்காலத்து மட்டும் போதும், அதையும் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

முதலாளி எழுதி வாங்கிய பத்திரத்துக்கு மதிப்பில்லை. 1923-ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 17-ஆவது பிரிவுப்படி, தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. சமரசம் பேசினாலும் அதை இந்த வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவர் கட்டிய பில்லையும் இழப்பீட்டில் கழிக்க முடியாது.

இனிக் கணக்கு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம். சம்பளம் 18,000 ஆனாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள் (2020 ஜனவரியிலிருந்து இதுதான் உச்சவரம்பு). அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் சொல்லும் பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820. அதில் 20 சதவீதம் 3,74,364 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீத வட்டி தனி. காரணமில்லாமல் இழுத்தடித்தார் என்றால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு 2026 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது.

கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டு எந்த வக்கீலிடமும் போங்கள். அட்டவணையில் இருக்கிற காயத்துக்கு இந்தத் தொகை வர வேண்டியதுதான். இதை வாங்கித் தர 1,12,000 ரூபாய் கேட்கிறார் உங்கள் வக்கீல்.

---

ஜாப்_ஆர்டர் | 10.02.2025, காலை 11:30

நானும் பட்டறை வைத்திருக்கிறேன், முதலாளி பக்கமும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா.

அவர் ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருக்கிறார், சம்பளம் கொடுத்திருக்கிறார். எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? ஜாப் ஆர்டரில் பீஸுக்குப் பைசாக் கணக்கில்தான் நிற்கிறது, பெரிய கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பில் பாஸ் செய்கிறான். நேரில் போய் உட்கார்ந்து "அண்ணா, சட்டப்படி இவ்வளவு வருதாம், தவணையில் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தவுடன் நோட்டீஸ் விட்டால் அவரும் வக்கீலைப் பிடிப்பார். அப்புறம் வருடக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று, அவரிடம் இ.சி. பாலிசி (பணியாளர் இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ்) இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் பட்டறையில் எட்டுப் பேர்தான், ஈ.எஸ்.ஐ.க்குள் வரவில்லை, அதனால் பாலிசி எடுத்து வைத்திருக்கிறேன். பாலிசி இருந்தால் பணம் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும், அவருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வராது.

---

பழைய_லேத் | 10.02.2025, மாலை 6:20

வக்கீல் சார் கணக்கு சரி. ஆனால் அம்மணி, கேட்க வேண்டிய முதல் கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பட்டறையில் எத்தனை பேர்?

பிரஸ் ஓட்டுகிறவர்களை மட்டும் எண்ணாதே கண்ணு. ஹெல்ப்பர், கூட்டுகிற அம்மா, கணக்கு எழுதுகிற பெண், டெம்போ ஓட்டுகிறவர், ஷெட்டுக்குள்ளேயே காண்ட்ராக்டில் பஃபிங் (பாலிஷ்) போடும் வடநாட்டுப் பையன்கள், எல்லோரையும் சேர்த்து எண்ணிச் சொல்லு. நான் சிங்காநல்லூரில் மில்லிலும் அப்புறம் பம்ப் கம்பெனியிலும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், சங்க வேலையும் பார்த்தவன். விபத்து வழக்குகளில் பாதி இந்த எண்ணிக்கையில்தான் தடம் மாறும்.

---

கோவைக்காரி | 10.02.2025, இரவு 8:50

தம்பியிடம் கேட்டேனுங்க ஐயா. பிரஸ்ஸில் ஐந்து பேர், டூல் ரூமில் ஒருவர், வெல்டிங் ஒருவர், பஃபிங்கில் ஒரிசாப் பையன்கள் இருவர் (அவர்களுக்கு மேஸ்திரிதான் சம்பளம் கொடுப்பார்), கணக்கு எழுதும் அக்கா, கூட்டிப் பெருக்கும் அம்மா. டெம்போ வாடகை வண்டி. அப்போ பதினொன்று வருதுங்களே?

---

பழைய_லேத் | 10.02.2025, இரவு 9:30

அப்படியென்றால் நீ நிற்க வேண்டிய வாசலே வேறு.

மின்சாரம் வைத்து ஓடும் பட்டறையோ இல்லாததோ, பத்துப் பேர் சம்பளத்துக்கு இருந்தால் ஈ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும். எல்லா நாளும் பத்துப் பேர் இருக்க வேண்டும் என்றும் இல்லை. முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் இருந்திருந்தால் போதும். மேஸ்திரி மூலம் வந்தவர்களும் கணக்கில் உண்டு. மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குகிறவர் உள்ளே வருவார், உன் தம்பி 18,000, ஆகவே வருகிறான்.

முதலாளி பதிவு செய்யாததும் பணம் கட்டாததும் அவருடைய குற்றம். தொழிலாளிக்கு அதனால் உரிமை போகாது. வேலையில் அடிபட்டதற்கு "இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனையும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பயன். அதன் பிறகு மெடிக்கல் போர்டு பார்த்து நிரந்தர ஊனப் பயன். விரலுக்கு 20 சதவீதம் என்ற அதே அட்டவணைதான் அங்கேயும். தோராயமாகச் சொன்னால் நாள் சம்பளம் 600, அதில் 90 சதவீதம் 540, அதில் 20 சதவீதம் 108 ரூபாய். மாதம் 3,200 சொச்சம், உயிரோடு இருக்கிற வரை. வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் இது நிற்காது. விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது கொஞ்சம் கூட்டியும் கொடுப்பார்கள்.

முக்கியமானது: இந்தக் கட்டத்தில் வக்கீலே வேண்டாம். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கினால் போதும். மெடிக்கல் போர்டு குறைத்துப் போட்டால்தான் அப்பீல். மெடிக்கல் அப்பீல் தீர்ப்பாயத்துக்கு மூன்று மாதம், இல்லாவிட்டால் ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம். அங்கேகூட வக்கீலுக்குப் பதில் பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி உன் தம்பிக்காக ஆஜராகலாம், சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

---

கறுப்புக்கோட்டு | 11.02.2025, காலை 6:50

பெரியவர் பிடித்த புள்ளி சரியான புள்ளி. எட்டு ஒன்பது பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்து நான் பணியாளர் இழப்பீட்டுக் கணக்கைப் போட்டேன். பதினொன்று என்றால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 53-ஆவது பிரிவு, ஈ.எஸ்.ஐ.க்குள் வரும் தொழிலாளி அதே காயத்துக்கு வேறு சட்டத்தில் முதலாளியிடம் இழப்பீடு கேட்கத் தடை போடுகிறது. விபத்து நாளில் சந்தா கட்டியிருக்கவில்லை என்றாலும் அவர் காப்பீட்டுக்குள் வந்தவர்தான், இழப்பீட்டு வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்குதான்.

நடைமுறையில் என்ன ஆகும் தெரியுமா? 30 சதவீத வக்கீல் இழப்பீட்டு மனு போடுவார். முதலாளி முதலில் "என்னிடம் ஏழு பேர்தான்" என்று சொல்லுவார். வழக்கு பாதி ஓடி, தோற்கும்போல் தெரிந்தால், "என்னுடையது ஈ.எஸ்.ஐ. பட்டறை" என்று 53-ஐத் தூக்கிப் போடுவார். அதற்குள் வருடங்கள் போயிருக்கும். வந்ததில் பங்கு என்று பேசுகிற வக்கீலுக்கு ஈ.எஸ்.ஐ. மாதத் தொகையில் பங்கு கிடைக்காது, அதனால் அந்தப் பக்கம் அவர் கண் போகாது. சதவீத பீஸில் எனக்குப் பெரிய வருத்தமே இதுதான். எந்த வழியில் போனால் தனக்குக் காசு என்று வக்கீல் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

பத்துக்குக் கீழே என்று நிரூபணமானால் மட்டுமே இழப்பீட்டு மனு. அதற்குக் கால அவகாசம் இருப்பதால் அவசரம் இல்லை, மறந்தும் போகக் கூடாது. ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கு மூன்று வருடம் என்பதையும் குறித்து வையுங்கள்.

---

காங்கேயம்_காளை | 11.02.2025, காலை 9:10

மாதம் 3,200 வைத்து என்னங்க பண்ணுவது? மொத்தமாக மூணே முக்கால் லட்சம் வந்தால் ஒரு ஆட்டோவோ ஏதோ வாங்கிப் பிழைப்பான். பையன் முப்பது வயது, கல்யாணம் ஆக வேண்டியவன்.

---

பழைய_லேத் | 11.02.2025, மதியம் 1:15

காளை, மூணே முக்காலில் 30 போனால் இரண்டு அறுபது. அதுவும் எந்த வருடம் என்று தெரியாது. முதலாளி கட்டாவிட்டால் வருவாய் மீட்பு என்று தாசில்தார் ஆபீசுக்கு நடக்க வேண்டும். இந்த மாதத் தொகை பத்து வருடத்தில் நாலு லட்சத்தை நெருங்கிவிடும், பையனுக்கு அப்போது நாற்பதுதான். அதோடு பட்டறை மூடினாலும் முதலாளி ஊரை விட்டுப் போனாலும் ஈ.எஸ்.ஐ. கொடுக்கும். நான் பார்த்த வரையில் மொத்தப் பணம் வாங்கியவர்கள் வீட்டில் அது நின்றதே இல்லை. மச்சான் கடன், வீட்டுக்கு மேலே ஷீட் என்று கரைந்துவிடும்.

---

ஜாப்_ஆர்டர் | 11.02.2025, மதியம் 2:40

பதினொரு பேர் என்றால் நான் மேலே சொன்ன சமரசம் செல்லாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதலாளி ஏன் பயப்படுகிறார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது சேர்ந்தால் பழைய மாதங்களுக்கும் சந்தா கேட்பார்கள், முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75, இரண்டையும் அவரே கட்ட வேண்டும், 12 சதவீத வட்டி, அதற்கு மேல் தண்டத் தொகை. பதிவு செய்யாமல் விட்டதால் கொடுக்க நேரும் பயனையே அவரிடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதனால்தான் "ஏழு பேர்" என்று சாதிப்பார்கள். தன் பங்குச் சந்தாவை அப்போதே கட்டியிருந்தால் ஆளுக்கு மாதம் அறுநூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. நம் ஆட்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

---

தன்னார்வலர்_ஈரோடு | 11.02.2025, இரவு 7:45

நான் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். "நல்ல வக்கீலை எப்படித் தேடுவது" என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆவது பிரிவில் யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்று பட்டியல் இருக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளி, மாற்றுத்திறனாளி, பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. உங்கள் தம்பி தொழிலாளி என்ற முறையிலேயே கேட்கலாம், வருமானச் சான்று கேட்டு அலைய வைத்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

கோவையில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு உண்டு. முதலில் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக்கூடக் கேட்கலாம். ஒரு வெள்ளைத்தாள் மனு, ஆதார் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி போதும். நியமிக்கிற வக்கீலுக்குப் பணம் ஆணைக்குழு கொடுக்கும், நீங்கள் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது, அவரும் கேட்கக் கூடாது.

லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அனுப்பினால் கவனம். அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. தொகை சரியா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

---

காங்கேயம்_காளை | 11.02.2025, இரவு 8:20

இலவச வக்கீல் வாய்தாவுக்கே வர மாட்டாருங்க. நேரில் பார்த்திருக்கிறேன்.

---

தன்னார்வலர்_ஈரோடு | 11.02.2025, இரவு 8:55

வராதவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வராவிட்டால் வாய்தா தேதியைக் குறிப்பிட்டு ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், வேறு வக்கீலைப் போடுவார்கள். செயலாளர் பதவியில் இருப்பவர் ஒரு நீதிபதி. காசு கொடுத்து வைத்த வக்கீல் வராவிட்டால் நீங்கள் யாரிடம் போவீர்கள்?

---

டெக்சாஸ்_தாராபுரத்தான் | 12.02.2025, காலை 5:30

சும்மா ஒரு தகவல். இங்கே அமெரிக்காவில் ஊனமுற்றோர் உதவித்தொகை வழக்குகள் முழுக்கச் சதவீத பீஸில்தான் நடக்கின்றன, சட்டப்படியே. ஜெயித்தால் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், ஆனால் எவ்வளவு வந்தாலும் 9,200 டாலருக்கு மேல் கூடாது (போன நவம்பர் கடைசியில்தான் 7,200-லிருந்து ஏற்றினார்கள்). தோற்றால் பீஸ் இல்லை. வக்கீலுக்குரிய பணத்தை சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே பிடித்து நேராக அவருக்கு அனுப்பிவிடும். செக், பாஸ்புக் விளையாட்டெல்லாம் கிடையாது. இந்தியாவில் தடை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைவிட இப்படி வரம்பு கட்டிவிடலாமே?

---

கறுப்புக்கோட்டு | 12.02.2025, காலை 7:20

எனக்கும் அந்த எண்ணம் உண்டு. கையில் காசில்லாத தொழிலாளி முன்பணம் கொடுக்க முடியாது, அதனால்தான் சதவீதம் உள்ளே வருகிறது. தடையை எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு விதி இதுதான். நான் செய்வது கட்டம் கட்டமாக வாங்குவது: மனு தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, தீர்ப்புக்குப் பிறகு மீதி. மொத்தத் தொகையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன், வாங்கியதற்கு ரசீது உண்டு. எந்த வக்கீலிடம் போனாலும் இதைக் கேளுங்கள். டைப்பிங், நகல், டாக்டரைச் சாட்சிக்கு அழைக்கிற செலவு இவையெல்லாம் பீஸுக்குள்ளா வெளியேயா என்றும் கேளுங்கள். "செலவு தனி" என்ற இரண்டு வார்த்தையில்தான் பின்னாடி சண்டை வருகிறது.

இழப்பீடு வந்தால் தம்பியின் சொந்த வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு யாரிடமும் போகக் கூடாது.

---

சோமனூர்_தறி | 12.02.2025, காலை 10:00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் சித்தப்பா கேஸில் வக்கீல் ஃபைலைத் தர மாட்டேன் என்கிறார், பாக்கி பீஸ் கொடு என்கிறார். நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா?

---

கறுப்புக்கோட்டு | 12.02.2025, இரவு 9:15

நுகர்வோர் கோர்ட் வேண்டாம். வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பீஸ் பாக்கிக்காக ஃபைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, 2000-ஆம் வருடத் தீர்ப்பே இருக்கிறது. ஃபைலைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். கொடுக்காவிட்டால் சென்னையில் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குப் புகார். பெரும்பாலும் கடிதத்திலேயே ஃபைல் வந்துவிடும்.

---

பொள்ளாச்சி_அம்முணி | 13.02.2025, காலை 8:30

எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் சுத்தமாக வராது. மாதாந்திர உதவித்தொகை வாங்கித் தர ஒருவர் 8,000 கேட்கிறார். அதற்கும் வக்கீல் வைக்க வேண்டுமா?

---

தன்னார்வலர்_ஈரோடு | 13.02.2025, காலை 9:05

வக்கீலும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம் அம்முணி. அரசு மருத்துவமனையில் ஊனச் சான்று, தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு என்றால் மாதம் 2,000 பராமரிப்பு உதவித்தொகை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் மனு நாளில் கொடுக்கலாம்.

ஒன்றை எல்லோரும் கவனியுங்கள்: இந்த ஊனச் சான்றில் வரும் சதவீதமும், மேலே பேசிய சம்பாதிக்கும் திறன் இழப்புச் சதவீதமும் வேறு வேறு. ஒன்றை எடுத்துக்கொண்டு போய் இன்னொன்றில் காட்டிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

நெறியாளர் | 13.02.2025, மதியம் 12:10

வக்கீல் பெயர், கைபேசி எண் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்களுடைய விதி, ஆள் பிடிக்க இடம் கொடுக்கக் கூடாது என்பது நம் இழையின் விதி. பட்டறைப் பெயரும் வேண்டாம்.

---

கோவைக்காரி | 16.02.2025, மாலை 5:35

எல்லோருக்கும் நன்றிங்க. அந்த வக்கீலிடம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "கட்டம் கட்டமாக எழுத்தில் கொடுங்க சார்" என்றதும் அவரே போனை எடுப்பதில்லை.

ஜாப் ஆர்டர் அண்ணன் சொன்னபடி தம்பி முதலாளியிடமும் போய்ப் பேசினான். நல்லபடியாகத்தான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஈ.எஸ்.ஐ. பேச்சை எடுத்ததும் "எனக்கு எப்போதும் ஏழு பேர்தான், மற்றவர்கள் மேஸ்திரி ஆட்கள், வந்து போகிறவர்கள்" என்கிறார். பெரியவர் சொன்ன மாதிரியே. நாளை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் போகிறோம். பதினொரு பேர் என்று எதை வைத்துக் காட்டுவது? சம்பளம் கவரில் கையில் கொடுப்பார். கூட வேலை செய்கிறவர்கள் சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள், அவர்களையும் தப்பு சொல்ல முடியாது.

---

பழைய_லேத் | 16.02.2025, இரவு 7:10

புகாரில் பேர் பேராக எழுது, என்ன வேலை, எப்போதிலிருந்து என்று. சாட்சி வர வேண்டாம், ஈ.எஸ்.ஐ. சமூகப் பாதுகாப்பு அலுவலர் பட்டறைக்கே நேரில் வந்து எண்ணுவார். அவர் வருகிற நாளில் ஆட்களை மறைத்தாலும் பழைய ஆதாரம் பேசும். சனிக்கிழமைச் சம்பளத்தில் எப்போதாவது ஜீபே செய்திருப்பார், வங்கி ஸ்டேட்மென்ட் எடு. பட்டறை வாட்ஸ்அப் குரூப் இருந்தால் அதில் யார் யார் என்று ஸ்கிரீன்ஷாட் எடு. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டு நகலில் "வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் அடிபட்டது" என்று இருக்கிறதா பார், இல்லாவிட்டாலும் அந்த நகல் கட்டாயம் வேண்டும். அவர் எழுதி வாங்கிய 20 ரூபாய்ப் பத்திரத்தின் ஜெராக்ஸ் உன்னிடம் இருக்கிறதா? தம்பி அங்கே வேலை செய்தான், அங்கேதான் விரல் போனது என்று காட்ட அவரே எழுதி வாங்கிய ஆவணம் அது.

அப்புறம் ஆயுத பூஜைப் படம். நம் ஊர்ப் பட்டறையில் பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்து வாழை கட்டி எல்லோரும் வரிசையாக நின்று எடுக்காத வருடமே கிடையாது. 2023 ஆயுத பூஜை அக்டோபரில் வந்தது. விபத்து 2024 ஆகஸ்ட். பன்னிரண்டு மாதத்துக்குள்தானே வருகிறது?

---

கோவைக்காரி | 16.02.2025, இரவு 8:25

ஐயா, இருக்குதுங்க! பத்திரம் ஜெராக்ஸ் இருக்கிறது. ஆயுத பூஜைப் படம் முதலாளியே குரூப்பில் போட்டிருக்கிறார், தேதியோடு. பதின்மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் முதலாளி, ஒருவர் அவர் மகன்.

---

கறுப்புக்கோட்டு | 16.02.2025, இரவு 8:40

முதலாளியைக் கழித்துவிடுங்கள். மகன் சம்பளம் வாங்குகிறவரா என்று கேட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவரையும் கழியுங்கள். கழித்தாலும் பதினொன்று நிற்கிறது. படத்தைக் குரூப்பில் இருக்கிறபடியே, அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் போனை ரீசெட் செய்யவோ குரூப்பை விட்டு வெளியேறவோ வேண்டாம். நாளை போகும்போது பிரிண்ட் எடுத்துப் படத்தில் இருக்கிறவர்களுக்கு எண் போட்டு, பின்பக்கம் பெயரும் வேலையும் எழுதிக்கொண்டு போங்கள்.

---

பழைய_லேத் | 16.02.2025, இரவு 8:52

காலையில் பத்து மணிக்கு மேல் போ அம்மணி, அதற்கு முன் சீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். முத்திரை நகல் வாங்காமல் திரும்பாதே.